ஆடிக்கு முன்னால் திறந்த அறை

என் வீட்டுக்காரர் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துச் செத்தார் என்று மைக்கைப் பிடித்துச் சொன்னது நீங்கள்தான். பெயர் சொல்லவில்லை. "ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர்" என்றீர்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரியும். மந்தைவெளியில் இருக்கும் உங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மாதம் ஒருமுறை நீங்கள் நடத்தும் கூட்டம். எதைச் சாப்பிடலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று சொல்லிக் கொடுப்பீர்கள். நான் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. அவருக்கு இரவல் கொடுத்திருந்த பிரஷர் பார்க்கும் மிஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். பின்கதவு பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி முதலாளி என்ற முறையில் நீங்கள் பேசியதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் விஷயம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராது. மெஷின்தான் எடுக்க வேண்டும். அதனால் அளந்து குடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் எங்கள் பிள்ளை குழந்தையாக இருந்தபோது பால் கொடுத்த சின்ன எவர்சில்வர் டம்ளரை அதற்கென்று எடுத்துக்கொண்டார். காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பார். அது தீர்ந்தால் டம்ளரைக் கவிழ்த்துவிடுவார். கத்திரி வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சம்பழத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே தவிர, கவிழ்த்த டம்ளரை நிமிர்த்த மாட்டார். அதில் அவருக்குக் கர்வம். குடியை விட்டவன் பேசுவதைப் போலப் பேசுவார்.

ஆட்டோ ஓட்டுவதை நிறுத்திய பிறகும் தினமும் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பார். டீ வாங்கி, மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கூட்டாளியிடம் கொடுப்பார்.

"இன்னா மச்சி, மோந்து பாத்துட்டுக் குடுக்குற? நாயா நீ?"

"குடி நைனா. நான் மூக்கால குடிச்சுட்டேன்."

அந்த மனிதரைத்தான் நீங்கள் சொன்னீர்கள்.

உங்கள் பழைய டயாலிசிஸ் கூடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மொசைக் தரை. விரிசல் விட்ட இடங்களில் கறுப்பாக அழுக்கு ஏறியிருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. ரத்தம் சிந்தும் இடத்தில் அப்படி ஒரு தரை இருக்கக் கூடாது. மாற்றத்தான் வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் பெரிய ஜன்னல்கள் இருந்தன. வெளியே ஒரு புங்க மரம். சாயங்காலம் கடல் காற்று உள்ளே வரும். என் வீட்டுக்காரருக்கு ஜன்னல் ஓரப் படுக்கை. பக்கத்துப் படுக்கையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மயிலாப்பூர் கோயில் குளத்துப் பக்கம் தலைமுறையாக இருக்கிறவர். இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை ஆட்டோ என்பார். மெஷினில் படுத்திருக்கும் நேரம் முழுக்க இரண்டு பேரும் வாயடித்துக்கொண்டே இருப்பார்கள். சாமி இட்லியைப் பற்றியே பேசுவார். உப்பில்லாத சாம்பார் பண்ணுகிற மருமகளைத் திட்டுவார். இவர் மீனைப் பற்றிப் பேசி அவரை அலற வைப்பார்.

மாடியில் புதுக் கூடம் கட்டினீர்கள். தரைக்கு நீல நிறத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, பாய் மாதிரி சுருளாக வந்ததைப் பசை தடவி ஒட்டியது. சுவரில் ஆள் உயரத்துக்குப் பளபளப்பான பலகை. அலமாரிகள் எல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தலைக்கு மேல் பொய்க்கூரை. ஜன்னல்களில் கண்ணாடியைப் போட்டு ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டீர்கள். ஏசி போகக் கூடாதாம், கொசு வரக் கூடாதாம்.

ஆனி மாத நடுவில் திறப்பு விழா வைத்தீர்கள். குடும்பத்தோடு வரச் சொன்னீர்கள், வந்தோம். கதவைத் தள்ளியதும் முகத்தில் அறைந்தது வாடை. என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பஞ்சர் சொல்யூசன் வாடை இன்னா இப்டி அடிக்குது. டியூப ஒட்டிட்டு நம்மள உள்ள உக்கார வெக்கறாங்களா?"

உள்ளே கணபதி ஹோமம் நடந்துகொண்டிருந்தது. புகை வந்தால் கத்துகிற கருவி பொய்க்கூரையில் இருந்தது. அது கத்தாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தீர்கள். ஜன்னல் திறக்காது. பசை வாடையும் ஹோமப் புகையும் சேர்ந்து நின்றன. சாமி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். நீங்கள் பட்டு வேட்டியில் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றீர்கள்.

வெளியே படிக்கட்டில் கட்டட வேலை எடுத்த என்ஜினியர் போன் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் இந்த வாடை எப்போது போகும் என்று கேட்டேன். ஜன்னலைத் திறந்து போட்டால் ஒரு மாதத்தில் போய்விடும் என்றார். அப்படியானால் நாளைக்கே ஏன் நோயாளிகளை விடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் ஒன்றும் நல்லவராகப் பேசவில்லை. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினார். வாடை அதிகம் வராத பசை ஒன்று இருக்கிறதாம். தண்ணீர் கலந்தது. இந்தக் கடல் காற்றில் காய நாளாகும். அதை ஒட்டிக் காயவிட்டுத் திறப்பதற்குள் ஆடி பிறந்துவிடும். அதனால் சீக்கிரம் காய்கிற இந்தப் பசையைப் போடச் சொன்னது நீங்கள்.

"வேற பசை போடறது, ஒரு மாசம் காத்தாட விடறது, நாங்க ரெண்டும் சொன்னோம்மா. முடிவு அவங்களுது. ஆடியில திறக்க முடியாது, ஆவணி வரைக்கும் சும்மா போட முடியாதுன்னுட்டாங்க."

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துவிட்டேன். ஆடியில் புதிதாக எதையும் திறக்க மாட்டோம். சரி. நானும் அப்படி வளர்ந்தவள்தான், ஆடியில் ஒரு பாய்கூட வாங்க மாட்டேன். ஆனால் ஆடி என்பது ஒரு மாதம். அந்த அறைக்கு வேண்டியிருந்ததும் ஒரு மாதம். பேசாமல் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு ஆவணியில் நல்ல நாள் பார்த்திருந்தால் வாடையும் போயிருக்கும், உங்கள் சாஸ்திரமும் கெட்டிருக்காது. பழைய கூடம் கீழே அப்படியேதான் இருந்தது. யாரும் உங்களைத் துரத்தவில்லை.

மறுநாள் முதல் அவர்களை மாடியில் படுக்க வைத்தீர்கள். முதல் தடவையே கண் எரிச்சல், தலைவலி. அடுத்த தடவை இருமல். அதற்கடுத்த வாரம் மூச்சு இழுத்தது. சும்மா ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வருகிற இடமா அது? கையில் ஊசி குத்தி மெஷினில் மாட்டிவிட்டால் நகர முடியாது. நாலு மணி நேரம் அந்தக் காற்றைத்தான் இழுக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே இடத்துக்கு வர வேண்டும்.

உங்கள் டாக்டர் சின்ன வயசு. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றார். எடை ஏறவில்லையே என்று நான் கேட்டேன். உள்ளே போகும்போது எப்போதும் எடை பார்ப்பார்கள், அது வழக்கம்போலத்தான் இருந்தது. அதற்கும் டாக்டரிடம் பதில் இருந்தது. சதை கரைந்திருக்கும், அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்கும், அதனால் எடை மாறாமல் தெரிகிறது என்றார். மெஷினில் இன்னும் அதிகமாகத் தண்ணீர் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். இல்லாத தண்ணீரை எடுத்தால் என்ன ஆகும்? காலில் நரம்பு சுருட்டி இழுத்தது. பிரஷர் இறங்கிக் கண் செருகியது. இருமல் மட்டும் போகவில்லை. மறுபடி டாக்டர் வந்து, எவ்வளவு குடிக்கிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

"டாக்டர், நான் பட்டினப்பாக்கத்துல பொறந்தவன். கடலப் பாத்துக்கினே வளந்தவன். தண்ணியப் பாத்துக்கினே குடிக்காம இருக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்."

டாக்டர் சிரித்தார். நர்சுகளும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தாலே, என்ன இன்றைக்கு எத்தனை குடம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். விளையாட்டுக்குத்தான். அவருக்கு விளையாட்டாக இல்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

நான் உங்கள் அறைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஜன்னலையாவது திறக்கச் சொன்னேன். ஸ்க்ரூவைக் கழற்றினால் பொருத்தினவர்களுடைய உத்தரவாதம் போய்விடும் என்றீர்கள். எல்லாம் வெளிநாட்டுத் தரம், கிருமியே ஒட்டாது என்றீர்கள். அப்போது எங்கள் கடையில் நடந்ததைச் சொன்னேன். முழுசாகச் சொல்ல விடவில்லை நீங்கள். இப்போது சொல்கிறேன்.

எங்கள் கடையில் போன வருஷம் பட்டு மாடியைப் புதுப்பித்தார்கள். இதே மாதிரிப் பலகை, இதே மாதிரிப் பசை. வேலை முடிந்தது. எங்கள் முதலாளி பட்டுப் புடவைகளை மேலே ஏற்ற விடவில்லை. பட்டு வாடையை இழுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்கள் புடவையைப் பிரித்ததும் முகத்தருகே கொண்டுபோவார்கள். பெயின்ட் வாடை அடித்தால் வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஜன்னல், கதவு எல்லாம் திறந்து, பெரிய ஃபேன்களை ஓடவிட்டு, அலமாரிக்கு அலமாரி தட்டில் அடுப்புக்கரி வைத்தோம். ஒரு மாதத்துக்கு மேல் கீழ்த்தளத்திலேயே நெருக்கிக்கொண்டு பட்டு விற்றோம். கடைசியில் முதலாளியின் மனைவி வந்து, ஒரு புடவையை அலமாரியில் ராத்திரி முழுக்க வைத்தெடுத்து முகர்ந்து பார்த்து, சரி என்ற பிறகுதான் மாடியைத் திறந்தார்கள். எங்களுக்காக இல்லை. எங்களுக்குக் கண் எரிந்ததை யாரும் கேட்கவில்லை. புடவைக்காக.

"பட்டுக்கே காத்திருந்தாங்க சார்" என்றேன்.

"இது ஆஸ்பத்திரிம்மா. ஜவுளிக்கடை இல்ல."

அப்படிச் சொல்லிவிட்டு மணியடித்து ஒரு நர்சைக் கூப்பிட்டீர்கள். கூடத்தில் வாடை இருக்கிறதாம், காலையும் மாலையும் சாம்பிராணி போடுங்கள் என்றீர்கள். போட்டார்கள். மூச்சு விட முடியாமல் படுத்திருந்தவர்களின் கட்டிலைச் சுற்றி சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுபோனார்கள்.

ஆடி பிறந்தது. ஆடித் தள்ளுபடியின்போது தி. நகரில் எங்களுக்கு லீவு கிடையாது. அம்மா செத்தால்கூட யோசித்துத்தான் கேட்க வேண்டும். காலையில் போனால் உட்கார முடியாது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டச் சொல்லிவிடுவார்கள். அதனால் நான் கூடப் போவது நின்றது. அவர் தனியாகப் போனார். போர்வை, வாழைத்தண்டு நிறப் பை, செருப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினார். வழக்கமான நேரத்துக்கு வந்தார். இருமல் குறைந்தது. தூங்கினார். அப்பாடா, வாடை போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. கேட்டேன். "மெஷின்ல இன்னிக்குக் கம்மியா எடுத்தாங்க. அவங்களே கம்மி பண்ணிட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கடைசியில் தான் சொன்னதை நம்பிவிட்டார்கள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு லாக்கரைத் திறந்தேன். சாமியிடமிருந்து வரிசையாகப் போன் வந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கூப்பிட்டேன்.

"ஏம்மா, உங்காத்துக்காரருக்கு என்ன உடம்பு? போன தரமும் வரலை, இன்னிக்கும் வரலை. பெட்டு காலியாக் கெடக்கு. ரெண்டு தரம் விட்டா ஆபத்துன்னு அவருக்குத் தெரியாதா?"

அவர் போனை எடுக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அவருடைய அக்காவைக் கூப்பிட்டேன். அண்ணி எடுத்ததும் பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"இங்கதான் படகு நெழல்ல படுத்துக்கினு கீறான். மெஷினு ரிப்பேருன்னு சொன்னான். இங்க மூச்சு நல்லா வருதுன்றான். இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

எழுப்பச் சொன்னேன். எழுப்பினார்கள். கை கால் எழவில்லை, வாய் குழறியது. ஸ்டாண்டில் இருந்து அவருடைய கூட்டாளிதான் ஆட்டோவை மணல் ஓரம் வரைக்கும் கொண்டுவந்து ஏற்றினார். நான் பனகல் பூங்கா பக்கம் தள்ளுபடிக் கூட்டத்தில் மாட்டி, நடந்தும் ஓடியும் ஒரு வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது, உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் அந்த ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கூட்டாளி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. உள்ளே கொண்டுபோவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று அண்ணி சொன்னாள். அவள் கையில் மீன் செதில் காயாமல் இருந்தது.

இதயம் நின்றுவிட்டது, டயாலிசிஸை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று உங்கள் டாக்டர் சொன்னார். அது சரிதான். அவர் இரண்டு தடவை வரவில்லை. அதை நான் மறைக்கவில்லை. செத்துப்போகலாம் என்று தெரிந்தேதான் அவர் வரவில்லை என்றும் நான் நினைக்கவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மூச்சு விட்டுக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு நோயாளி தன் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மெஷினை விட்டுவிட்டு மணலில் போய் ஏன் படுத்தார் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

கேட்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தீர்கள். சொன்னால் கேட்காமல் தண்ணீர் குடித்தார், அதை நாம் கண்டுபிடித்துவிடுவோம் என்று பயந்து வராமல் இருந்தார், இப்போது பாருங்கள் என்றீர்கள். என் வீட்டுக்காரருடைய படுக்கைக்கு அதற்குள் வேறு ஒருவர் வந்துவிட்டார். அந்தப் புது ஆளின் மனைவி முன் வரிசையில் இருந்துகொண்டு பயத்தில் தலையாட்டினாள்.

பிரஷர் மிஷினை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆவணி முடியும்போது சாமி போன் செய்தார். ஏசி ரிப்பேராகி, நான்கைந்து நாள் வேறு வழியில்லாமல் ஸ்க்ரூவைக் கழற்றி ஜன்னல்களைத் திறந்தார்களாம். அதிலிருந்து வாடை குறைந்துவிட்டது. யாருக்கும் இருமல் இல்லை. சாமிக்கும் அதிகமாகத் தண்ணீர் எடுத்துக் கால் இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது எடுப்பதைப் பழையபடி குறைத்துவிட்டார்கள், ஒருவரும் ஏன் என்று சொல்லவில்லை.

"நான் அன்னிக்கும் அதே தண்ணிதான் குடிச்சேன், இன்னிக்கும் அதேதான் குடிக்கறேன். அப்போ இருமினேன், இப்போ இருமலை. கணக்கு அவ்வளவுதாம்மா."

இதைக் கூட்டத்தில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன்.

"நேக்கு அந்த பெட்டு வேணுமேம்மா" என்றார்.

அவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன். அவர் பெயரை நீங்கள் தேட வேண்டாம். மயிலாப்பூரில் வாத்தியார்கள் நிறைய.

என் வீட்டுக்காரர் போனது போனதுதான். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் இப்போது கீழ்த்தளத்தில் இருந்த பழைய கூடத்தை இடித்துக் குழந்தைகள் வார்டு கட்டுகிறீர்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வாசலில் அதே நீலச் சுருள்கள் இறங்கியிருக்கின்றன. அதே பசை டப்பாக்கள். புங்க மரத்தின் பக்கம் இருந்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி வந்து சாத்தி வைத்திருக்கிறது. எப்போது திறப்பு என்று காவலாளியிடம் கேட்டேன். கார்த்திகைக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்களாம். மார்கழி பிறந்துவிட்டால் திறக்க முடியாதல்லவா.

மார்கழியும் ஒரு மாதம்தான்.

அதனால் கேட்கிறேன். உங்கள் அறைக்கு வந்து கேட்க மாட்டேன், அங்கே ஒருமுறை வந்தாயிற்று. அடுத்த கூட்டத்தில் அதே மைக்கைப் பிடித்து, அதே ஆட்கள் முன்னால் பதில் சொல்லுங்கள். வாடை வராத பசை இருக்கிறது என்று உங்களிடம் சொன்னார்களா, இல்லையா? ஒரு மாதம் காற்றாட விடச் சொன்னார்களா, இல்லையா? குழந்தைகள் வார்டில் எந்தப் பசையைப் போடப் போகிறீர்கள்? ஜன்னல் திறக்குமா? என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்ததை யார் பார்த்தது? பார்த்தவர் இருந்தால் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், அவர் குடிக்கவில்லை என்று உங்கள் வாயால் அந்த மைக்கில் சொல்லுங்கள். நான் இந்தத் தடவை பின்கதவு பக்கம் நிற்க மாட்டேன். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சொல்லுங்கள்.